கணக்கெடுப்பவள்

களிமண் குலத்தில் பெரியவர்கள் நால்வர்.
நான் அவர்களை ஈரமாகப் பார்த்தவள்.
பதினொன்றுக்குப் பதினொன்று,
நூற்றிருபத்தொரு சீட்டுகள் ஒட்டிப் பிறந்து
உருளையிலிருந்து இறங்கும்போது
யார் பலசாலி என்று தாளுக்குத் தெரியாது.
எல்லாம் ஒரே அட்டை. நடுவில் கருப்புப் பசை,
விளக்குக்கு நேரே பிடித்தாலும்
யாரும் யாரையும் ஊடுருவிப் பார்க்காதபடி.

வூட்டர்தான் சொன்னான். வெட்டும் இயந்திரம் அவனுடையது.
ஓய்வு கிடைக்கும் வெள்ளி இரவுகளில்
மெகலன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு கடையில் ஆட உட்காருகிறவன்.

முதலில் ஊர்விழுங்கி.
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. வாய்தான் உடம்பு.
களத்தில் இறக்க ஒன்பது நிலம் வேண்டும்.
ஒன்பது நிலம் சேர்வதற்குள்
அநேகமாக ஆட்டம் முடிந்துவிடும், என்றான்.
நாங்கள் ஒருமுறை வாங்கிய அலமாரி அப்படித்தான்,
மாடிப்படி ஏற மறுத்து
மூன்று குளிர்காலம் கூடத்தில் நின்றது.

குன்றுதூக்கி
அடிக்கும் ஒவ்வொரு முறையும்
சொந்த நிலம் ஒன்றைத் தின்ன வேண்டும்.

மடையுடைப்பான் வந்ததும்
நின்றவரெல்லாம் சேறு, தன் பிள்ளைகளும் சேர்த்து.
பிறகு தனியாக நிற்பான்.
ஓவியர் அவனுக்குக் கண் வரையவில்லை.

நான்காவது ஒரு பெண். நீலச் சட்டை.
பலம் எழுத வேண்டிய மூலையில்
எண் இல்லை, சின்ன நட்சத்திரம் மட்டும்.
'உன் இடுகாட்டில் களிமண் குலத்தார் எத்தனை பேரோ
அத்தனை இவள் பலம்.'
யாரும் சாகாவிட்டால்?
பூஜ்யம். வந்த காலோடு விழுந்துவிடுவாள்.
வூட்டர் பாலாடைக்கட்டி ரொட்டியை மென்றபடி சொன்னான்:
அவள் ஒருத்திக்குத்தான் எனக்குப் பயம்.

என் வேலை பழுது பார்ப்பது.
பழுது நீக்குவது அல்ல, பார்ப்பது மட்டும்.
மை முடியளவு நகர்ந்தால்
தாளை எடுத்து, எண்ணி, பதிவேட்டில் எழுதி,
லுட்கார்ட் ஸ்மெட்ஸ் என்று கையெழுத்திட்டு
அரைக்கும் வாய்க்குள் தள்ளுவேன்.
ஒரு சீட்டும் வாசல் தாண்டக் கூடாது.
போகும்போது பையைத் திறந்து காட்டுகிறோம்,
ரொட்டி டப்பாவையும்.

நவம்பரில் ஓர் இரவு மஞ்சள் சறுக்கியது.
கவனிப்பதற்குள் அறுநூற்று நாற்பது தாள்.
இரண்டு முறை எண்ணினேன்.
வூட்டர் காவி நிறத் துண்டுத்தாளில் பெருக்கினான்:
தாளுக்கு முப்பத்தொரு களிமண் குலத்தார்,
ஆக, பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது.
இப்போது அவளை இறக்கினால்
உலகத்தில் எவனும் தாங்க மாட்டான், என்று சிரித்தான்.

அவளும் அந்தக் குவியலில்தான் இருந்தாள்,
அறுநூற்று நாற்பது முறை.

இயந்திரம் பலத்தைப் பார்த்து வேகம் மாற்றவில்லை.
ஊர்விழுங்கிக்கு ஒரு சத்தம்,
கூழாங்கல் பயலுக்கு ஒரு சத்தம் என்றில்லை.
பையில் விழுந்தது எல்லாம்
ஈரத் தவிட்டு நிறம்.
எண்ணை எழுதும்போது
பேனா பாதியில் தீர்ந்தது. வேறு பேனா வாங்கி எழுதினேன்.

விடிந்து, கால்வாய்க்கரைப் பனியில்
மிதிவண்டி மிதித்து, பால் வாங்க நின்றேன்.
பணம் கட்டும் இடத்தில் ஒரு சிறுவன்
பள்ளிப்பை தோளில் தொங்க
பொட்டலத்தைப் பல்லால் கிழித்தான்.
மின்னுவது எதுவும் இல்லை.
ஒரு சீட்டைத் தரையில் விட்டுவிட்டுப் போனான்.
தள்ளுவண்டிச் சக்கரம் அதன்மேல் ஈரம் ஏற்றியது.

கூழாங்கல் பயல். ஒன்றுக்கு ஒன்று.
தாளுக்கு ஒன்பது பேர் இவன்,
குலத்திலேயே மலிந்தவன்.
குனிந்து எடுத்துத் துடைத்தேன்.
இடது ஓரத்தில்
நூலளவு நீலம்.

ஆறாம் வரிசைக்காரன் இவன்.
அந்த வரிசையில் இவனுக்கு இடப்பக்கம் அவள்.
கத்தி அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது,
போன மாதமோ, அதற்கு முன்போ,
என் கண்ணுக்குக் கீழேதான் போயிருக்கிறான்.

பால் மூன்று லிட்டர். சில்லறை வாங்கவில்லை.
மேலங்கிப் பையில், சாவிக்குப் பக்கத்தில்
அவனைப் போட்டுக்கொண்டேன்.
அன்று இரவு உள்ளே போகும்போது
யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை.
வெளியே வரும்போதுதான் கேட்பார்கள்.